ஆண்மைச் சுரப்பு மருந்தும் அதன் அபாயங்களும்

தாராவி, மாதுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் வாழும் நம்மவரில், நாற்பதைக் கடந்தோர் தளர்ச்சி நீங்கவும், உடற்பயிற்சிக் கூடம் செல்லும் இளைஞர் தசை திரளவும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் பற்றி வினவுவதுண்டு. அது தக்கதுதானா என்பதை ஆராய்வோம்.

1889இல் பிரௌன்-செக்கார் என்னும் உடலியல் அறிஞர், தமது 72ஆம் வயதில், விலங்குகளின் விதைச்சாற்றை ஊசி வழியே ஏற்றிக்கொண்டு, இளமை மீண்டதாக அறிவித்தார். அச்சாற்றில் இச்சுரப்பு இல்லையென்றே சொல்லலாம்; நம்பிக்கையே பாதி மருந்து போலும்! 1935இல்தான் உண்மையான சுரப்பு பிரித்தெடுக்கப்பட்டது.

இம்மருந்து இதயத்தைத் தாக்குமோ என்ற ஐயம் நெடுநாள் நிலவியது. 2023இல் வெளியான டிராவர்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வு அதற்கு ஒருவாறு விடை தந்தது. இதயநோயோ, அது வரும் வாய்ப்போ மிகுந்தவரும், சுரப்பு உண்மையிலேயே குறைந்தவருமான சுமார் 5,200 ஆடவர் அதில் பங்கேற்றனர். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை மருந்து பூசியோரில் 7.0 விழுக்காடு, வெறுங்களிம்பு பூசியோரில் 7.3 விழுக்காடு. ஆயின் ஒழுங்கற்ற இதயத்துடிப்பும், நுரையீரல் இரத்தக்குழாய் அடைப்பும், சிறுநீரகக் கோளாறும் மருந்து பெற்றோரிடம் சற்றே மிகுந்தன. எலும்பை உறுதிப்படுத்தும் என்று எண்ணிய மருந்து, எலும்பு முறிவையும் கூட்டிற்று என்பது வியப்பே.

இம்முடிவை உடற்பயிற்சிக் கூடத்து இளைஞர்க்குப் பொருத்துவது பெரும் பிழை. அவர்க்குச் சுரப்பில் குறைவில்லை. கொள்ளும் அளவும் மிகுதி. மேலும், வெளியிலிருந்து சுரப்பு வந்தால் மூளையடிச் சுரப்பி தன் ஏவலை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி அருகும். கருத்தடைக்கென்றே வாராந்தர ஊசியைச் சோதித்து, உலக சுகாதார நிறுவனம் 1990இல் ஆய்வு வெளியிட்டதை எண்ணிப் பாருங்கள். மணமாகிக் குழந்தையை எதிர்நோக்கும் இளைஞர்க்கு இதைச் சொல்லாமல் ஊசி போடுவது கொடுமை என்றே கருதுகிறோம்.

மருத்துவர் சீட்டின்றி இம்மருந்தை விற்பது நம் நாட்டில் சட்டவிரோதம். அருகிலுள்ள சயான் நகராட்சி மருத்துவமனை போன்ற இடத்தில் முதலில் ஆலோசனை பெறலாம். காலை வேளையில், இருவேறு நாட்களில் இரத்தம் சோதித்தே குறைபாட்டை உறுதி செய்வர். உறக்கமின்மையும் உடற்பருமனும் நீரிழிவும்கூட இச்சுரப்பைக் குறைக்கும். மருந்து தொடங்கினால் இரத்த அழுத்தத்தையும் இரத்தத்தின் தடிப்பையும் கவனிப்பர். சிவப்பணுப் பங்கு 54 விழுக்காட்டைத் தாண்டினால் மருந்தை நிறுத்துவர்.