சுனில் சேத்ரிக்கு லண்டன் கதவு ஏன் திறக்கவில்லை?

சுனில் சேத்ரி 2024 ஜூனில் கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக ஆடி விடைபெற்றபோது அவர் கணக்கில் 151 சர்வதேச ஆட்டங்கள், 94 கோல்கள். (அடுத்த ஆண்டே திரும்பி வந்துவிட்டார், அது தனிக்கதை.) அன்றைய தேதிக்கு ஆண்கள் கால்பந்தில் அவருக்கு மேலே இருந்தவர்கள் மூன்றே பேர்: ரொனால்டோ, மெஸ்ஸி, ஈரானின் அலி தாயி.

"இத்தனை கோல் அடிச்ச ஆளு ஐரோப்பாவுல ஒரு சீசன்கூட முழுசா ஆடலையே, ஏன்?" என்று தேனியில் நண்பர் ஒருவர் கேட்டார். உயரம் பத்தாது, உடம்பு பத்தாது என்பது வழக்கமான டீக்கடைப் பதில். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் கதையின் முக்கியமான இடத்தில் நிற்பது உடம்பு இல்லை, ஒரு பெருக்கல் கணக்கு.

2009-ல் சேத்ரிக்கு 25 வயது. லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அவரை எடுக்க முன்வந்தது. இங்கிலாந்தின் இரண்டாம் அடுக்கில் ஆடிய கிளப். ஒப்பந்தம் வரை போன விஷயம், பணி அனுமதியில் நின்றுவிட்டது. அப்போதைய பிரிட்டிஷ் விதி இப்படி: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் வீரர், முந்தைய இரண்டு ஆண்டுகளில் தன் நாட்டின் முக்கிய ஆட்டங்களில் 75 சதவீதம் ஆடியிருக்க வேண்டும். அது சேத்ரிக்குப் பெரிய தடை இல்லை. இரண்டாவது நிபந்தனைதான் வில்லங்கம். அந்த நாடு ஃபிஃபா தரவரிசையில் முதல் 70-க்குள் இருக்க வேண்டும். இந்தியா அப்போது 130-க்கும் கீழே. சொல்லப்போனால் இந்தியா தொட்ட ஆகச் சிறந்த இடமே 94, அதுவும் 1996-ல். எந்த இந்தியனும் நேர்வழியில் கடக்கவே முடியாத வாசல் அது. மண்டியில் பழத்தைக் கடித்துப் பார்க்காமல், லாரி எந்த ஊரிலிருந்து வந்தது என்று பார்த்து விலை போடுவது மாதிரி.

சரி, அந்தத் தரவரிசையில் ஏறிவிடலாமே? அங்கேதான் பெருக்கல் வருகிறது. 2006 முதல் 2018 வரை ஃபிஃபா பயன்படுத்திய சூத்திரத்தில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நான்கு எண்களைப் பெருக்குவார்கள். முடிவு (வென்றால் 3, டிரா என்றால் 1, தோற்றால் 0), ஆட்டத்தின் முக்கியத்துவம் (நட்பு ஆட்டம் 1, உலகக்கோப்பைத் தகுதிச்சுற்று 2.5), எதிரணியின் பலம் (200-லிருந்து அவர்கள் தரவரிசையைக் கழித்தது, குறைந்தபட்சம் 50), கண்டத்துக்கான மதிப்பு (ஐரோப்பாவுக்கு 1, ஆசியாவுக்கு அந்தச் சமயத்தில் 0.85).

போட்டுப் பாருங்கள். 150-ஆவது இடத்துக்குக் கீழே உள்ள அண்டை நாட்டை நட்பு ஆட்டத்தில் இந்தியா வென்றால் 3 × 1 × 50 × 0.85 = 127.5. ஓர் ஐரோப்பிய நாடு தகுதிச்சுற்றில் 20-ஆவது இடத்தில் உள்ள இன்னோர் ஐரோப்பிய அணியை வென்றால் 3 × 2.5 × 180 × 1 = 1350. ஒரே 90 நிமிடம், ஒரே வெற்றி, பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். பலமான அணியோடு மோதிப் புள்ளி சேர்க்கலாம் என்றால், தோற்றால் பூஜ்யம், சராசரியும் இறங்கும்.

எங்கள் தொழிலில் இதை டெட்லாக் என்போம். வீரர்கள் வெளியே போய் ஆடினால்தான் நாட்டு அணி முன்னேறும். நாட்டு அணி முன்னேறினால்தான் வீரர்கள் வெளியே போக முடியும். இரண்டு பிராசஸும் ஒன்றையொன்று பார்த்துக் காத்துக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் பாய்ச்சுங் பூட்டியா எப்படிப் போனார் என்று கேட்பீர்கள். அவரும் 1999-ல் விசா தாமதத்தைத் தாண்டித்தான் மூன்றாம் அடுக்கில் இருந்த பரி கிளப்பில் சேர்ந்தார். ஐரோப்பிய கிளப்போடு ஒப்பந்தம் போட்ட முதல் இந்தியர் அவர்தான். 37 லீக் ஆட்டங்கள், 3 கோல்கள். காயம் வேறு, கிளப்பும் 2002-ல் நிதி நெருக்கடியில் விழுந்தது. திரும்பி வந்து 2003-ல் ஜகார்த்தாவில் ஈஸ்ட் பெங்கால் ஆசியான் கிளப் கோப்பையை வென்றபோது அந்தத் தொடரில் மட்டும் 9 கோல் அடித்தார். மறதி வந்த கால்கள் இல்லை அவை.

விதியின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிடவும் முடியாது. 2010-ல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி விசர்ட்ஸ் சேத்ரியை எடுத்தது. அங்கே இந்தத் தடை கிடையாது. ஆனால் லீக்கில் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. அமெரிக்க ஓப்பன் கோப்பையில் ஒன்று, மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் மாற்று வீரராகச் சில நிமிடங்கள், அவ்வளவுதான். 2012-ல் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கிளப். அங்கும் பி அணியில் விரல்விட்டு எண்ணும் ஆட்டங்கள். அடுத்த ஆண்டே கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸுக்கு லோனில் வந்துவிட்டார். அப்போது வயது 28. அந்த வயதில் ஐரோப்பிய பி அணியில் இடத்துக்குப் போராடுவது, 18 வயதுப் பையன்களோடு கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார்வது போல. அந்த 94-லும் நேபாளம், மாலத்தீவு போன்ற அணிகளுக்கு எதிரானவை நிறைய. 'எதிரணியின் பலம்' என்ற எண்ணை நேர்மையாக இங்கேயும் பெருக்கத்தான் வேண்டும். அதே சமயம், 2011 ஆசியக் கோப்பையில் தென்கொரியாவுக்கு எதிராகவும் பஹ்ரைனுக்கு எதிராகவும் கோல் போட்டவர் அவர்தான்.

என் கணிப்பு: 25 வயதில் இரண்டாம் அடுக்கில் இரண்டு முழு சீசன் கிடைத்திருந்தால் அவர் நட்சத்திரம் ஆகியிருக்க மாட்டார். ஆனால் தேறுவாரா மாட்டாரா என்பது மைதானத்தில் தெரிந்திருக்கும். இப்போது நமக்கு அதுவே தெரியாது.

2013-ல் புதிதாகப் பிறந்த பெங்களூரு எஃப்.சி.யில் சேர்ந்தார், ஊன்றிவிட்டார். முதல் சீசனிலேயே ஐ-லீக் பட்டம். 2016-ல் ஏ.எஃப்.சி. கோப்பை இறுதிப்போட்டி. 2018 ஐ.எஸ்.எல். இறுதியில் 9-ஆவது நிமிடத்தில் அவர் கோல் போட்டும் நம்ம சென்னையின் எஃப்.சி. 3-2 என்று ஜெயித்ததை இங்கே சொல்லாமல் விட மனசில்லை.

பிரிட்டனில் 2021 முதல் விதி புள்ளிக் கணக்காக மாறிவிட்டது. நாட்டின் தரவரிசை அதிலும் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு பயணம் எங்கள் பக்கத்து ஊரைத் தொட்டுப் போகிறது. 2019-ல் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றபோது அந்த அணியில் ஸ்டிரைக்கர் சபித்ரா பண்டாரி. நேபாளத்தின் லம்ஜுங்கிலிருந்து வந்தவர். அவருக்கு வெளிநாடு என்றால் மதுரைதான், பிறகு கேரளாவின் கோகுலம், பிறகு இஸ்ரேல். 2024 ஜனவரியில் பிரான்சின் கேங்காம்ப் கிளப்பில் சேர்ந்தார்.