டாக்டர் கையெழுத்து எதுவரை செல்லும்?

இங்கிலாந்தில் ஏறக்குறைய எல்லோரும் தங்கள் வட்டாரத்திலுள்ள ஏதாவது ஒரு குடும்ப மருத்துவரின் கிளினிக்கில் பெயர் பதிந்து வைத்திருக்கிறார்கள். நம் ஊரைப் போல இன்று ஒரு டாக்டர், நாளை இன்னொருவர் என்று போக முடியாது. அதனால் சர்க்கரை யாருக்கு, மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுவது யார் என்பதெல்லாம் அந்தக் கிளினிக்கின் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். இணையவழி சிகிச்சை உதவிகளை உருவாக்கும் ஆய்வாளர்கள் ஆள் சேர்க்க முதலில் நாடுவது இந்தப் பட்டியலைத்தான். கிளினிக் ஊழியர் பட்டியல் எடுக்கிறார். டாக்டர் அதைப் பார்த்து, இறுதிக் கட்ட நோயில் இருப்பவர், கடிதம் கண்டால் கலங்கிப்போகக் கூடியவர் ஆகியோரின் பெயர்களை அடிக்கிறார். மற்றவர்களுக்குக் கிளினிக்கின் லெட்டர்ஹெட்டில் கடிதம் போகிறது. நோயாளி சம்மதித்துப் பதில் போடும்வரை அவர் பெயர்கூட ஆய்வாளருக்குத் தெரியாது.

ஏற்பாடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டாக்டரின் கையெழுத்து உறையைப் பிரிக்க வைக்கும். பிரித்தவரைக் கடைசிவரை இருக்க வைக்காது. சைமன் கில்பாடி தலைமையில் நடந்து 2015-இல் வெளியான ‘ரீயாக்ட்’ ஆய்வு இதற்குச் சரியான சாட்சி. மனச்சோர்வுள்ள 691 பேர் குடும்ப மருத்துவர்கள் வழியாகச் சேர்ந்தார்கள். சிலருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும்; மற்றவர்களுக்கு அதோடு ‘பீட்டிங் த புளூஸ்’ அல்லது ‘மூட்ஜிம்’ என்ற கணினிப் பயிற்சி. நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. பயிற்சியை முடித்தவர்கள் குறைவு: ஒருவர் முடித்த அமர்வுகளின் இடைநிலை எண்ணிக்கை முதலாவதில் இரண்டு, இரண்டாவதில் ஒன்றே ஒன்று. அடுத்து வந்த ஆய்வில் அதே மூட்ஜிம்மைக் கொடுத்து, பயிற்சி பெற்ற ஒருவர் தொலைபேசியில் முறையாகப் பேசி வழிநடத்தினார். நான்கு மாதத்தில், அப்படி வழிநடத்தப்படாதவர்களைவிட மனச்சோர்வு கூடுதலாகக் குறைந்திருந்தது. ஓராண்டில் அந்த வித்தியாசம் மங்கிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் மென்பொருள் மாறவில்லை, கூட இருந்த மனிதக் குரல்தான் மாறியது.

கடிதத்துக்கு யார் பதில் போடுகிறார்கள் என்பது அடுத்த சிக்கல். இரண்டாம் வகை நீரிழிவுக்கான ‘ஹெல்ப்-டயபடீஸ்’ என்ற இணைய உதவிக்கு 21 கிளினிக்குகளிலிருந்து 374 பேர் சேர்ந்தார்கள். ஓராண்டில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஒப்பீட்டுக் குழுவைவிட 0.24 சதவீதப் புள்ளி குறைந்தது. சின்ன எண்தான், ஆனால் உண்மையான பலன். எனினும் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் ஏற்கெனவே ஓரளவு கட்டுக்குள் இருந்தது. வேல்ஸ் சுரங்கக் கிராமத்து டாக்டர் ஜூலியன் டியூடர் ஹார்ட், தேவை அதிகமுள்ள இடத்துக்கே நல்ல மருத்துவம் குறைவாகப் போய்ச் சேர்கிறது என்று 1971-இல் எழுதினார். இணையம் இதை மாற்றிவிடவில்லை.

அப்படியானால் ஃபேஸ்புக் விளம்பரமே போதுமே, செலவும் குறைவு என்று சிலர் வாதிடுகிறார்கள். விளம்பரத்துக்கு வருகிறவர் தானாகத் தேடி வருகிறவர். வராதவர் யார் என்று யாருக்கும் தெரியாது. கிளினிக் பட்டியலில் அழைக்கப்பட்டவர் எத்தனை, வராதவர் எத்தனை என்று எண்ணிப் பார்க்க முடியும். இது பெரிய வசதி. டாக்டர் சொன்னால் மறுக்க முடியுமா என்ற கேள்வி இன்னும் கனமானது. அதற்குத்தான் கடிதம்; அது எதிரே உட்கார்ந்து கேட்பதைவிட வீட்டில் வைத்து யோசிக்க அவகாசம் தருகிறது. தகவல் கசியுமே என்ற பயத்தையும் லேசாகத் தள்ள முடியாது. மருத்துவப் பதிவுகளை மொத்தமாகத் திரட்டப் பார்த்த ‘கேர்.டேட்டா’ திட்டத்தை, மக்கள் எதிர்ப்புக்குப் பிறகு இங்கிலாந்து 2016-இல் கைவிட்டது. பட்டியல் கிளினிக்கை விட்டு வெளியேறாத இந்த முறை அதைவிடப் பாதுகாப்பானது.

நேரம் ஏது என்று டாக்டர்கள் கேட்பார்கள். நியாயம்தான், ஆளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவதே அவர்களுக்குப் பெரும்பாடு. ஆனால் தொலைபேசியை எடுக்க டாக்டர் வேண்டியதில்லை. அஞ்சல் அழைப்புக்குப் பதில் போடாதவர்களுக்குத் தொலைபேசியில் நினைவூட்டினால் சேர்க்கை சுமார் ஆறு சதவீதப் புள்ளிகள் கூடுகிறது என்பது காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின் முடிவு. அந்த அழைப்பு சிலருக்கு இன்னும் அவசியம். பிரிட்டனில் தெற்காசிய வம்சாவளியினருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு. லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத யாழ்ப்பாணத்து அம்மம்மாவுக்கு ஆங்கிலக் கடிதத்தை இரண்டு முறை அனுப்பும் செலவில், தமிழ் பேசும் நர்ஸ் ஒருவர் ஒரு தடவை அழைத்துப் பேசிவிடலாம்.