சூட்டில் மட்டும் அடம்பிடிக்கும் கார்

காலையில் கிள்ளானில் சாவியைத் திருப்பியதுமே ஸ்டார்ட் ஆன பழைய புரோட்டான் விரா, கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து சேர்கிறது. துன் சம்பந்தன் சாலையோரம் நிறுத்திவிட்டு, பூ வாங்கிக்கொண்டு பத்து நிமிடத்தில் திரும்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பின்னால் ஹாரன் சத்தம். கடைசியில் இழுவை லாரியைக் கூப்பிட வேண்டியதாகிறது. வர்க்‌ஷாப்பில் இறக்கி மெக்கானிக் சாவியைப் போட்டால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. “நல்லாத்தானே இருக்கு அண்ணே?” என்கிறார் அவர்.

உரிமையாளர், மெக்கானிக் இருவர் சொல்வதும் உண்மைதான். இந்தப் பழுது சூட்டில் மட்டும் தலைகாட்டும், ஆறினால் மறைந்துவிடும். மறைந்த பிறகு தேடுவதால்தான் பணம் கரைகிறது. முதலில் பிளக், அடுத்து பேட்டரி, பிறகு பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றி, ஆயிரம் வெள்ளி போனபிறகும் கார் பழையபடி நடுவழியில் நிற்கும். பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர் அதை ஆசைக்காக வைத்திருப்பவர்கள் அல்லர். ஓய்வூதியத்தில் வாழும் பெரியவர், இரண்டு ஷிப்ட் பார்க்கும் தொழிலாளி, அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்லும் மகள். அவர்களுக்கு அந்த ஆயிரம் வெள்ளி பெரிய தொகை.

1985இல் வந்த முதல் புரோட்டான் சாகா கார்புரேட்டர் வண்டி. 1993இல் விரா வந்த காலத்திலிருந்து இன்ஜெக்‌ஷன் மெல்ல மெல்லப் பரவியது. 2000இல் வாஜா, 2005இல் மைவி. இவற்றில் பல இன்னும் கிள்ளான் பள்ளத்தாக்கின் சாலைகளில் ஓடுகின்றன. ரப்பரும் ஒயரும் சென்சாரும் மட்டும் காருக்குச் சமமாக வயதாகிவிட்டன.

ஓடும்போது தொந்தரவு தராத எஞ்சின், நிறுத்திய பிறகு ஏன் அடம்பிடிக்கிறது? ஓடுகிற வரை தண்ணீர் சுற்றுகிறது, ரேடியேட்டர் விசிறி சுழல்கிறது, காற்று பாய்கிறது. நிறுத்தியதும் எல்லாம் நின்றுவிடும். ஆனால் எஞ்சினுக்குள் தேங்கிய சூடு வெளியே வந்தாக வேண்டும். அதனால் அடுத்த கால் மணி நேரம் பானெட்டுக்கு அடியில் வெப்பம் ஏறிக்கொண்டுதான் போகும். ஐந்து நிமிடத்தில் திரும்பினால் ஸ்டார்ட் ஆகும், ஒரு மணி நேரம் கழித்தும் ஆகும், இடையில் மட்டும் ஆகாது என்று யாராவது சொன்னால் அது கற்பனை அல்ல. நோயின் முதல் தடயமே அதுதான்.

எனவே கார் நின்ற அந்த இடத்திலேயே, சூடு ஆறுவதற்குள், உரிமையாளர் சிலவற்றைக் கவனித்துக்கொள்ள வேண்டும். சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட்டர் சுற்றுகிறதா, ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறதா? ‘டிக்’ என்றால் பேட்டரி, டெர்மினல், ஸ்டார்ட்டர் பக்கம் பார்க்க வேண்டும். அது வேறு நோய். நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பல கார்களில், ஸ்டார்ட்டர் சுற்றும்போது அது லேசாகத் துடிக்கும். வழக்கமாகத் துடிக்கிற முள் இன்று அசையவே இல்லை என்றால், எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் வலுக்கிறது. அடுத்தது, பின்சீட்டுப் பக்கம் பெட்ரோல் பம்பின் முனகல். சில கார்களில் சாவியை ‘ஆன்’ செய்ததும் இரண்டு விநாடி கேட்கும். வேறு சிலவற்றில் ஸ்டார்ட்டர் சுற்றும்போதுதான் பம்பே ஓடும். உங்கள் கார் எந்த வகை என்பதை, அது ஒழுங்காக இருக்கும் ஒரு காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடிக்கிறதா என்பதையும் மறக்காமல் கவனியுங்கள்.

இவ்வளவும் தெரிந்தால் நல்ல மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்தது.

பம்ப் சத்தமே இல்லை என்றால் முதலில் ரிலேயைப் பாருங்கள். 1990களின் ஹோண்டா சிவிக், அக்கார்டு கார்களில் இது பேர்போன பழுது. டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் மெயின் ரிலேக்குள் ஈயப் பற்று மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டுவிடும். வெயிலில் நிறுத்திய காரின் உட்புறச் சூட்டில் அந்த விரிசல் திறந்துகொள்ளும், குளிர்ந்ததும் ஒட்டிக்கொள்ளும். பெட்டியைத் திறந்து, பூதக்கண்ணாடியில் பார்த்தால் பற்றைச் சுற்றி ஒரு கரிய வளையம் தெரியும். சால்டரிங் அயர்னால் மறுபடி பற்றுவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இது தெரியாமல் பம்பை மாற்றியவர்கள் எத்தனையோ பேர்.

ரிலே சரி என்றால்தான் பம்ப். பம்பைக் குளிர்விப்பது டாங்கில் உள்ள பெட்ரோல்தான். பத்து வெள்ளிக்கு மட்டும் எண்ணெய் ஊற்றி, பெட்ரோல் முள் சிவப்பிலேயே கிடக்க ஓட்டினால், தேய்ந்த பம்ப் சூடேறி நின்றுவிடும்.

ஆர்பிஎம் முள் அசையாமல், பிளக்கில் நெருப்புப் பொறியும் வரவில்லை என்றால் கிராங்க் சென்சார். பல கார்களில் அதன் நுண்ணிய கம்பிச் சுருள் சூட்டில் விரிந்து அறுந்துபோகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். மிட்சுபிஷி வழிவந்த பழைய புரோட்டான் எஞ்சின்கள் சிலவற்றில் இது டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே இருக்கும். இதைக் கையோடு பிடிக்க ஒரு வழி உண்டு. எஞ்சின் ஓடும்போது ஹேர் டிரையரால் சென்சார் பக்கம் மட்டும் சூடு காட்டினால், கெட்டுப்போனது சில நிமிடத்தில் எஞ்சினை அணைத்துவிடும். ஈரத்துணியால் அதைக் குளிர்வித்ததும் மறுபடி ஸ்டார்ட் ஆனால் வழக்கு முடிந்தது.

பொறியும் வருகிறது, பம்பும் ஓடுகிறது, ஆனாலும் நெடுநேரம் சுற்றிய பிறகே பிடிக்கிறது என்றால் பிரஷர் கேஜ் இல்லாமல் எதையும் மாற்றவிடாதீர்கள். பெட்ரோலின் லேசான பகுதிகள் நம் ஊர் வெயிலிலேயே ஆவியாகக்கூடியவை. எஞ்சின் சூட்டிலும் அது திரவமாக நிற்பதற்குக் காரணம், குழாயில் இருக்கும் சுமார் 3 பார் அழுத்தம். எஞ்சினை நிறுத்திய பிறகும் அந்த அழுத்தம் நெடுநேரம் நிற்க வேண்டும். சில நிமிடத்தில் கேஜ் முள் பூஜ்யத்துக்கு இறங்கினால், குழாயில் பெட்ரோலுக்குப் பதில் ஆவிதான் இருக்கும். பம்பின் வால்வு, ரெகுலேட்டர், ஒழுகும் இன்ஜெக்டர் ஆகிய மூன்றில் ஒன்று குற்றவாளி. ரெகுலேட்டரின் வாக்குவம் ஹோஸைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை இருந்தால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது. இத்தகைய கார், ‘ஆன்’ செய்ததும் பம்ப் ஓடும் வகை என்றால், சாவியை இரண்டு மூன்று முறை ‘ஆன்’ செய்து, பம்பை ஓடவிட்டு, பிறகு ஸ்டார்ட் செய்தால் பிடித்துக்கொள்ளும். அது வீடு போய்ச் சேர உதவும், மருந்து ஆகாது.

பிளக் நனைந்து வந்தால் கதை நேர்மாறு. தண்ணீர் சூட்டைச் சொல்லும் சென்சார், கொதிக்கும் எஞ்சினைக் குளிர்ந்தது என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்கிறது. கம்ப்யூட்டரும் அதை நம்பி பெட்ரோலை அள்ளி ஊற்றுகிறது. பெரும்பாலான கார்களில் இந்தச் சென்சார் 20 டிகிரியில் இரண்டு மூன்று கிலோ ஓம் காட்டும், 80 டிகிரியில் முந்நூறு ஓம் அளவுக்கு இறங்கும். மல்டிமீட்டர் வைத்து இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். “நம்ம வெயிலுக்கு இது எதுக்கு?” என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறியும் பழக்கம் இங்கே சில வர்க்‌ஷாப்களில் உண்டு. அதை விட்டொழிக்க வேண்டும். எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல், தேவைக்கு மேல் பெட்ரோல் குடிக்க அதுவும் ஒரு காரணம்.

பாகம் வாங்கும்போது ஒரு வார்த்தை. பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப் கட் கடைகளில் கதவும் கியர்பாக்ஸும் தாராளமாக வாங்கலாம். சென்சாரும் ரிலேயும் மட்டும் புதிதாகவே வாங்குங்கள். அங்கே கிடப்பதும் உங்களுடையதைப் போலவே பல ஆண்டு சூட்டில் வெந்ததுதான்.

வேலை முடிந்ததும் உடனே சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு நெரிசலான சாலையில் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். திரும்பி வந்து, பானெட்டைத் திறக்காமல் கால் மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். இரண்டு முறை அப்படிச் செய்து பிடித்தால் பணத்தைக் கொடுக்கலாம். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து காட்டுவதை மட்டும் ஏற்காதீர்கள். பழுதோடு இருந்தபோதும் அது அப்படி ஸ்டார்ட் ஆகிக்கொண்டுதான் இருந்தது.