கரிசல் கணக்கு – 7: உழவுக்கு ஒரு பிழை, உரத்துக்கு ஒரு பிழை

மணியாச்சியைத் தாண்டி வடக்கே போனால் கோவில்பட்டி வரை மானாவாரிக் காடுதான். வடகிழக்குப் பருவமழை தரும் ஈரத்தைக் கரிசல் மண்ணில் எப்படிப் பிடித்து வைப்பது என்பதே இங்கே விவசாயத்தின் முதல் கேள்வி. 1901-ல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்கென்றே உழைத்து வருகிறது.

உளிக்கலப்பை உழவா, சாதா உழவா? அதோடு நான்கு உர முறைகளில் எது? இரண்டையும் ஒரே சோதனையில் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டிராக்டர் திரும்ப இடம் வேண்டும்; ஆகவே உழவைப் பெரிய பாத்திகளுக்குக் குலுக்கிப் போடுகிறோம். பிறகு ஒவ்வொரு பெரிய பாத்தியையும் நான்காகப் பிரித்து உரங்களைக் குலுக்குகிறோம். இதுதான் ஸ்பிளிட் பிளாட். மூன்று ரெப்ளிகேஷன் என்றால் பெரிய பாத்தி 6, சிறிய பாத்தி 24.

குலுக்கல் இரண்டு என்பதால் பிழையும் இரண்டு. உரத்தைச் சிறிய பாத்திகளின் பிழையோடும், உழவைப் பெரிய பாத்திகளின் பிழையோடும் ஒப்பிட வேண்டும். ஒரே வீட்டில் நான்கு பேரைக் கேட்டுவிட்டு நான்கு வீட்டின் கருத்து என்று எழுத முடியாது; ஒரே உழவும் ஒரே மண்வாகும் பெற்ற நான்கு சிறிய பாத்திகளும் அப்படித்தான்.

இதை மறந்து, 24 பாத்திகளையும் தனித்தனியாகக் குலுக்கியதுபோல ஒரே பிழையில் கணக்குப் போட்டால், உழவுக்கான எஃப் மதிப்பு 4.60-ஐத் தாண்டினாலே 5 சதவீத மட்டத்தில் 'வித்தியாசம் உண்டு' என்று வந்துவிடும். சரியான முறையில் தாண்ட வேண்டியது 18.51. இல்லாத பலனை நம்பி உளிக்கலப்பைக்கு வாடகை கொடுக்கப்போவது விவசாயி.

இந்தத் துறையின் முன்னோடி ஃபிஷருக்கே இது நேர்ந்தது. இங்கிலாந்தின் ரோத்தாம்ஸ்டெட்டில் நடந்த உருளைக்கிழங்குச் சோதனையை அவரும் மெக்கன்சியும் 1923-ல் ஒரே பிழை வைத்து ஆராய்ந்தார்கள். 1925-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் அதே சோதனைக்கு ஃபிஷர் இரண்டு பிழைகள் வைத்துத் திருத்திக்கொண்டார்.

காட்டுப்பன்றி புகுந்து சில பாத்திகள் அழிந்துபோனால் சாதாரண அனோவா அட்டவணை தடுமாறும். அப்போது பெரிய பாத்தியைத் தனிச் சமவாய்ப்புக் கூறாக எடுத்துக்கொள்ளும் மிக்ஸட் மாடல் நல்லது. அந்த மாடலைக் கணக்கிடப் பேட்டர்சனும் தாம்சனும் 1971-ல் தந்த ரெம்ல் முறை இன்று பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கிறது.

ஆனால் எந்த மென்பொருளாலும் போதாத ரெப்ளிகேஷனை ஈடுகட்ட முடியாது. மூன்றை ஆறாக்கினால் 18.51 என்ற அந்த எல்லை 6.61-க்கு இறங்கிவிடும். உழவு முறைதான் உங்கள் முக்கியக் கேள்வி என்றால் சிறிய பாத்திகளைப் பெருக்காதீர்கள். பெரிய பாத்திகளைக் கூட்டுங்கள். ஆய்வு மாணவர்களே, எதை எங்கே குலுக்கினீர்கள் என்பதை விதைக்கும் முன்பே எழுதி வையுங்கள். எந்த முறையில் கணக்குப் போட வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்துவிடும்.