உள்சுவர் ஜன்னலை எடுக்கும் முன்

கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் பக்கம் பழைய வீட்டைப் புதுப்பிக்க இறங்குபவர்களின் கண்ணை முதலில் உறுத்துவது, கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவில் நிற்கும் ஜன்னல்தான். ஒரு காலத்தில் அது வெளிஜன்னலாக இருந்திருக்கும். பின்னால் சமையலறையோ அறையோ சேர்த்து எடுத்தபோது வீட்டுக்குள் மாட்டிக்கொண்டது. இப்போது அதை எடுத்து அடைக்க வேண்டும், அல்லது இடித்துப் பெரிய திறப்பாக்க வேண்டும். "உள்சுவர்தானே, என்ன ஆகிவிடும்?" என்ற தைரியத்தில்தான் வேலை தொடங்குகிறது. முறையாகச் செய்தால் ஜன்னலை எடுக்கலாம். ஆனால் அதற்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டலைத் தொடக்கூடாது, அகலத்தைக் கூட்டக்கூடாது. இந்த இரண்டில் ஒன்றை மீறுவதாக இருந்தாலும் அது கொத்தனாரோடு முடிகிற வேலை இல்லை.

வெளிச்சுவர் ஒரு பக்கத்துக் கூரையை மட்டும் தாங்குகிறது. நடுச்சுவரில் இரண்டு பக்கத்து உத்திரங்களும் வந்து உட்காரும். அதனால் அதன் சுமை கிட்டத்தட்ட இரட்டிப்பு. மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மச்சு வீடானாலும் கான்கிரீட் தளமானாலும் இதே கணக்குத்தான். பின்னால் சேர்த்த அறையின் தளமும் பெரும்பாலும் அந்தப் பழைய வெளிச்சுவரில்தான் ஏறியிருக்கும். திறப்புக்கு நேர் மேலே முக்கோண வடிவிலான சுவரின் எடை லிண்டலில் இறங்குகிறது. மீதி இரண்டு பக்கமும் விலகிப் போய்விடுகிறது. 3 அடித் திறப்பை 6 அடியாக்கினால் அந்த முக்கோணத்தின் எடை 4 மடங்காகிறது, லிண்டலை வளைக்கும் விசையோ 8 மடங்காகிறது. மேல்தளமும் அந்த முக்கோணத்துக்குள் உட்கார்ந்திருந்தால் அதன் சுமை தனி.

ஜன்னல் நிலை சுமை தாங்குவதற்காக வைப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் மர லிண்டலைக் கரையான் அரித்தோ, செங்கல் வளைவு தளர்ந்தோ போன வீட்டில் எடை மெல்ல நிலையின் மேல் இறங்கிவிடும். மேல்மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு, நடுவில் தொய்ந்த மேல்சட்டம், திறக்க மறுக்கும் கதவு, இவை அதற்கான அடையாளங்கள். அங்கே நிலையைப் பிடுங்குவது முட்டுக்கட்டையை உருவுவதுதான். ஆகவே முதலில் சுவரின் இரண்டு பக்கமும் உத்திரங்களுக்கோ தளத்துக்கோ கீழே பலகை கொடுத்து இரும்பு ஜாக்கி நிறுத்த வேண்டும். சுவருக்குள் ஓடும் வயருக்கு மெயினை அணைத்துவிட வேண்டும். பழைய நிலைகளில் மேல்சட்டமும் கீழ்ச்சட்டமும் பக்கச் சுவருக்குள் நீண்டிருக்கும். கடப்பாரையால் நெம்பினால் செங்கலும் சேர்ந்து பெயரும். சட்டங்களை நடுவில் ரம்பத்தால் அறுத்துத் துண்டு துண்டாக எடுப்பதே முறை.

நாற்பது வருஷம் வேலை பார்த்த கொத்தனாருக்கு இதெல்லாம் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். ஆனால் பூச்சுக்குள் இருப்பது கல்லா, மரமா, வளைவா என்பதை எந்த அனுபவமும் வெளியிலிருந்து சொல்லிவிடாது. ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சைக் கொத்திப் பார்க்க அரை மணி நேரம் போதும். அதைச் செய்யச் சொல்லுங்கள். அகலப்படுத்தத்தான் வேண்டும், அல்லது மேலே மாடி இருக்கிறது என்றால் இன்ஜினியர் வந்து பார்த்துக் கணக்குப் போட வேண்டும். அவருக்குக் கொடுக்கும் பணம் வீண்செலவு என்பவர்கள், விழுந்த தளத்தைத் திரும்பப் போடும் செலவையும் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

எடுக்கத்தான் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய தெருக்களில் வெளிச்சமும் காற்றும் முன்னும் பின்னும்தான் வரும். ஆனி, ஆடியில் மலையிறங்கி வரும் காற்று நடு அறைக்குள் நுழைய அந்த ஜன்னல்தான் வழி. ஏசி மாட்டியவர்களுக்கு அது தேவையில்லாமல் இருக்கலாம், மின்சாரம் இருக்கும்வரை.

அடைப்பதென்றால் காரையைக் கவனிக்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணையே 1895-ல் சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் பொடியும் சேர்ந்த காரையால் கட்டி முடிக்கப்பட்டது. அந்தக் காலத்து வீட்டுச் சுவர்களிலும் சுண்ணாம்புதான். அது சற்றே நெகிழும், ஈரத்தை வெளியே விடும். அதற்குள் சிமென்ட் அதிகம் போட்ட கலவையால் அடைத்தால் புதியது அசையாமல் நிற்கும், பழையது அசையும். விளிம்பு முழுக்க வெடிப்பு ஓடும். சுண்ணாம்பு கலந்த கலவையே நல்லது. பக்கச் செங்கல்களோடு பின்னிக் கட்டி, கடைசி வரிசையை மட்டும் நிறுத்திவைத்து, காரை இறுகிய பிறகு லிண்டலுக்கு அடியில் இறுக்கி அடைக்க வேண்டும்.

கழற்றிய மரத்தின் மேலுள்ள பெயிண்டும் லேசுப்பட்டதில்லை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற மத்திய அரசு விதி 2016-ல்தான் வந்தது, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் அதிகம் இருக்க வாய்ப்புண்டு. அதை உலர்ந்தபடி தேய்ப்பதும் நெருப்பு காட்டி உரிப்பதும் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் தூசியையும் புகையையும் கிளப்பும். நனைத்துத்தான் சுரண்ட வேண்டும். விற்க முடியாத துண்டுகளை வெந்நீர் அடுப்பில் வைக்கும் வழக்கம் இந்தப் பக்கம் உண்டு. பெயிண்ட் அடித்த கட்டைக்கு அது வேண்டாம்.