தில்லி மேட்டில் இயற்கைக் காட்டை மீட்டல்

தில்லி ஜங்புரா அருகே, பாராபுலா ஓடையின் கரையில், தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர் பல்லாண்டுகள் வாழ்ந்த குடியிருப்பு மதராசி கேம்ப். ஓடையைத் தூர்வாரி வெள்ள நீருக்கு வழிசெய்யும் பொருட்டு, உயர் நீதிமன்ற ஆணைப்படி 2025 ஜூன் 1 அன்று அது அகற்றப்பட்டது. அங்கிருந்த ஏறத்தாழ 370 குடியிருப்புகளில், நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுடையவையாக ஏற்கப்பட்டவை 189 மட்டுமே. ஓடையின் கீழ்ப்பகுதியில் வாழ்வோர் செலுத்தும் விலை இத்தகையது. எனவே, அதன் நீர்ப்பிடிப்பின் ஒரு பகுதியான ஆரவல்லி மேட்டின் நிலையையும் ஆராய்தல் அவசியமாகும்.

‘ரிட்ஜ்’ என வழங்கும் இம்மேடு ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடியாகும். 1994-இல் இதன் ஏறத்தாழ 7,777 ஹெக்டேர் நிலம் காப்புக்காடாக்கும் நோக்குடன் அறிவிக்கை செய்யப்பட்டது. ஆயினும் இங்கு மிகுந்து காணப்படுவது இந்நாட்டு மரமன்று. தமிழகக் கண்மாய்களையும் தரிசுகளையும் ஆக்கிரமித்துள்ள அதே சீமைக் கருவேலமே இங்கு ‘விலாயதி கீக்கர்’ எனப்படுகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் விரைவாகப் பசுமை காணும் நோக்குடன் நடப்பட்ட இம்மரம், பலாசு, தவ் போன்ற இயல்பு மரங்களை நெருக்கி ஒடுக்கிவிட்டது.

மீட்கும் முறை

இதனை வெட்டிச் சாய்ப்பதால் மட்டும் பயனில்லை; அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஒரே வேளையில் அகற்றினால் மண் வெறுமையாகி மழையில் அரித்துச் செல்லப்படும். ஆகவே கிளைகளைக் கழித்து ஒளி விழச்செய்து, அதன் கீழ் இயல்பு மரக்கன்றுகளை வளர்த்து, அவை ஓங்கியபின் படிப்படியாக அதனை விலக்குவதே பொருத்தமான முறையாகக் கருதப்படுகிறது. மரங்களோடு புதர், கொடி, புல் ஆகிய அடுக்குகளும் அமைதல் வேண்டும். மழைத்துளியின் வேகத்தைத் தணித்து, நீரை மண்ணுக்குள் இறக்குபவை இவ்வடுக்குகளும் உதிர்ந்த இலைகளுமே.

வசந்த் விஹார் அருகேயுள்ள ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்கா இதற்குத் தக்க சான்றாகும். தில்லி வளர்ச்சி ஆணையம், தில்லிப் பல்கலைக்கழக அறிஞர்களின் துணையுடன், சுரங்கம் தோண்டிக் கைவிடப்பட்ட சுமார் 690 ஏக்கர் நிலத்தில் இதனை உருவாக்கியது. நிழலும் ஈரமும் தங்கும் பழைய பள்ளங்களில் பெரணிகளும் ஆர்க்கிட் செடிகளும் வளர்க்கப்படுகின்றன. மக்கள் நடந்து சென்று காணப் பாதைகளும் உண்டு.

அளவுகோல் எது?

நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு இத்தகைய பணியை மதிப்பிடலாகாது. பிழைத்தவை எத்தனை, அவற்றின் விதையிலிருந்து தாமே முளைத்தவை எத்தனை என்பவையே உண்மையான அளவுகோல்கள். காடு மட்டுமே நகர வெள்ளத்தைத் தடுத்துவிடாது. ஓடைப் பராமரிப்பும், கரையில் வாழ்வோருக்கு முறையான மறுவாழ்வும் உடன் தேவை. எனினும் மேட்டில் மண்ணுக்குள் இறங்கும் நீர், பள்ளத்தில் வாழ்வோரின் வாசலுக்கு வெள்ளமாக வருவதில்லை. திட்டமிடுவோர் மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாகக் காணவேண்டுவது இதனாலேயே.