ஒரு கொட்டையை மூன்று முறை எண்ணலாமா?

சித்திரை பிறந்துவிட்டால் அண்ணாகிராமம் பக்கம் பலா வாசனைதான். பண்ருட்டிச் சாலையோரம் பழத்தைக் குவித்து வைத்திருப்பவரிடம், "உள்ள எத்தினி சுளை இருக்கும்ணே?" என்று கேட்டால், தட்டிப் பார்த்து ஓர் எண் சொல்வார். காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' இதற்குச் சூத்திரமே வைத்திருக்கிறது. காம்பருகே உள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் 100 என்றால் சுளை 120. எல்லாப் பழத்துக்கும் பலிக்குமா என்று கேட்காதீர்கள். பிஞ்சிலேயே பூச்சி விழுந்த பழம் சூத்திரம் பார்த்துக் காய்ப்பதில்லை.

மூளையில் எத்தனை செல் என்பதும் இதே மாதிரிக் கேள்விதான். ஆனால் வெளியே எண்ணிப் பார்க்க முள் கிடையாது. அறுத்தே ஆக வேண்டும். பதப்படுத்திய திசுவை மெழுகில் பதித்து பிளாக் ஆக்குவார்கள். மைக்ரோடோம் என்ற சீவும் கருவி அதை 5 மைக்ரான் தடிமனில் ரிப்பன் போலச் சீவித் தள்ளும். வெந்நீரில் மிதக்கவிட்டு, ஸ்லைடில் ஏற்றி, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால், செல்லின் கரு நீல ஊதாப் புள்ளியாகத் தெரியும். எண்ணிவிட வேண்டியதுதானே?

அங்கேதான் ஏமாறுவோம். பலாவைக் கொட்டையோடு வட்ட வட்டமாக அறுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கொட்டை மூன்று வில்லையில் தலைகாட்டும். வில்லை வில்லையாக எண்ணிக் கூட்டினால் ஒன்று மூன்றாகிவிடும். பெரிய கொட்டைக்கு மூன்று ஓட்டு, சின்னதற்கு இரண்டு. 10 மைக்ரான் உயரமுள்ள கருவை 5 மைக்ரானாகச் சீவினால், சராசரியாக மூன்று சீவலில், அதாவது மூன்று செக்‌ஷனில் தெரியும்.

1946-ல் அபர்குரோம்பி என்ற ஆய்வாளர் ஒரு திருத்தம் சொன்னார். செக்‌ஷன் தடிமனை, தடிமனும் கருவின் உயரமும் சேர்ந்த தொகையால் வகுத்து, வந்ததை எண்ணிக்கையோடு பெருக்க வேண்டும். நம் கணக்கில் 5/15, அதாவது மூன்றில் ஒன்று. எண்ணியது 300 என்றால் உண்மை 100. ஆனால் உயரத்தைச் சரியாக அளந்திருக்க வேண்டும். நோயில் கரு 5 மைக்ரானாகச் சுருங்கினால் அதே 100 செல் 200 புள்ளியாகத்தான் தெரியும். பழைய உயரத்தையே வைத்துக் கணக்குப் போட்டால் 67 என்று வரும். ஒரு செல்கூடச் சாகவில்லை. மூன்றில் ஒன்று செத்துப்போனதாகக் கட்டுரை வெளியாகிவிடும்.

இந்தத் தலைவலிக்கு 1984-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் மருந்து வந்தது. எழுதியவர் என்று அதில் இருந்த பெயர் டி.சி. ஸ்டீரியோ. அப்படி ஒருவர் கிடையாது. முறையின் பெயரான 'டைசெக்டர்' என்பதன் ஆங்கில எழுத்துகளை மாற்றிப் போட்ட புனைபெயர் அது. உண்மையில் எழுதியவர் டென்மார்க்கின் குண்டர்சன். யோசனை எளிது. அடுத்தடுத்த இரண்டு செக்‌ஷன்களை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே இருப்பதில் தெரிந்து, மேலே இருப்பதில் தெரியாத கருவை மட்டும் எண்ணுங்கள். இரண்டிலும் தெரிந்தால் விட்டுவிடுங்கள். கொட்டை நீளமோ குட்டையோ, படுத்திருந்தாலும் நின்றாலும், அதற்கு உச்சி ஒன்றுதான். இந்த ஒரு விதியில் உயரம், வடிவம் பற்றிய கவலையெல்லாம் ஒழிந்தது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். எங்கே எடுத்த சோறு என்பது முக்கியம்; அடியில் எடுத்தால் குழைந்திருக்கும். அதனால் முதல் செக்‌ஷனைச் சீட்டுக் குலுக்கிப் பிடித்து, அதிலிருந்து பத்துக்கு ஒன்றாக எடுப்பார்கள். அதன் பரப்பில் நூறில் ஒரு பங்கு, தடிமனில் பாதி. அங்கே 150 செல் கிடைத்தால், 10, 100, 2 என்று பெருக்க 3 லட்சம். இதுபோன்ற முறையில் எண்ணித்தான் 1997-ல் டென்மார்க் ஆய்வாளர்கள், பெருமூளைப் புறணியில் பெண்களுக்குச் சுமார் 1,900 கோடியும் ஆண்களுக்கு 2,300 கோடியும் நரம்புச் செல்கள் என்றார்கள். 20 வயதிலிருந்து 90 வரை இழப்பது பத்து சதவீத அளவுதான். வயதானால் மூளை காலியாகிவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் கவனிக்கவும்.

நம் பக்கத்து உதாரணம் பெங்களூருவில் உள்ள மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ். நடு மூளையில் கருநிறமாக ஒரு சிறு பகுதி உண்டு. அதன் செல்கள் அழிந்தால் பார்க்கின்சன் நோய். உதய் முத்தானே, எஸ்.கே. சங்கர் குழு 1998-ல் இந்திய மூளைகளில் இந்தக் கருநிறச் செல்களை எண்ணியது. மற்ற ஆய்வகங்களின் எண்களோடு பார்த்தால் எண்ணிக்கை குறைவு, ஆனால் வயது ஏற ஏற அது மேலும் குறையவில்லை. 2009-ல் பால்குனி அல்லாடி குழு, மேலே சொன்னபடி மாதிரி எடுத்து எண்ணும் ஸ்டீரியாலஜி முறையிலேயே எண்ணிப் பார்த்தது. அப்போதும் வயதால் இழப்பு தெரியவில்லை. வெவ்வேறு ஆய்வகங்களின் எண்களை ஒப்பிடும்போது எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் ஒரே இடத்தில், ஒரே விதியில், இளையவர் மூளையையும் முதியவர் மூளையையும் எண்ணியது என்பதால், வயதால் இழப்பில்லை என்ற முடிவை நம்பலாம்.

இதற்கெல்லாம் நோயில்லாத மூளைகளும் வேண்டும், எல்லா வயதிலும். நிம்ஹான்ஸில் மூளை வங்கி இருக்கிறது. குடும்பத்தார் சம்மதித்தால்தான் அங்கே ஒரு மூளை வந்து சேரும். கண் தானத்துக்குக் கையெழுத்துப் போடுகிற வீடுகள் நம் ஊர்களில் நிறைய. மூளை தானம் பற்றியும் வீட்டில் ஒரு வார்த்தை பேசி வையுங்கள்.